சின்ன ஆணி, பெரிய கணக்கு

நமது வியாபாரிகளில் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. லொறியில் ஏற்றும் சாமானுக்கு வருபவரைக் கதிரை போட்டு உட்கார வைப்போம். ஒரேயொரு ஆணிக்கு வருபவரைக் கடைப் பொடியனிடம் தள்ளிவிடுவோம். இந்தக் குற்றத்தை மற்றவர்கள் மீது சுமத்தி நான் தப்பிக்க விரும்பவில்லை. பழைய சோனகத் தெருவில் முப்பது வருடங்களாக இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் நானும் இப்படித்தான் இருந்தேன். ஒரு சின்ன ஆணிக்காரர் வந்து என் கண்ணைத் திறந்துவிட்டார். அந்தக் கதையையும், அதிலுள்ள வியாபாரக் கணக்கையும் இவ்வாரம் சொல்கிறேன்.

2022 செப்டம்பர் மாதம். டொலர் நெருக்கடியில் நாடே திணறிக்கொண்டிருந்த நேரம். அந்த வருடம் மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கட்டட வேலைகள் நின்று போய், கடையில் ஈ ஓட்டிக் கொண்டிருந்தோம். ஒரு நாள் லுஹர் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்தபோது, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞர் கவுன்டரில் நின்று, "ஹாஜியார், ஒன்டர மில்லிமீற்றர் அலன் கீ ஒன்ட மட்டும் தனிய தருவீங்களா?" என்று கேட்டார்.

பொடியன்மார் சிரித்தார்கள். அலன் கீயை நாங்கள் செட்டாகத்தான் விற்போம். "ஒன்றை எடுத்துக் கொடுத்தால் மிச்ச செட்டை யார் வாங்குவது?" என்று நானும் கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து மூடியைத் திறந்தார். பஞ்சுக்கு மேல் ஒரு கார் எஞ்சின் இருந்தது. என் உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து வைத்தால் அதில் அடங்கிவிடும். எட்டு பிளக், எட்டு வயர், பைப்புகள், அவற்றைப் பிடிக்கும் கிளிப்புகள், போல்ட் தலைகள் எல்லாம் இருந்தன. பொடியன்மாரின் சிரிப்பு நின்று போனது.

மருதானையில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வேலை செய்பவர் அவர். செம்புக் கம்பி சுற்றிச் சுற்றி விரல்கள் பழகியவை. மாலையில் வீட்டில் மொடல் கார் வேலை.

எட்டில் ஒரு பங்கு கார்

மொடல் கார் என்றதும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். இத்தாலியில் டூரின் நகரத்தில் போச்சர் என்று ஒரு கொம்பனி இருந்தது. 1960களிலிருந்து பழைய புகழ்பெற்ற கார்களை எட்டில் ஒரு பங்கு அளவில், பூட்டக்கூடிய பாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்றது. 1907ஆம் ஆண்டு பியட், 1931ஆம் ஆண்டு அல்பா ரோமியோ, ரோல்ஸ் ரொய்ஸ் பாண்டம் 2 எல்லாம் அதில் அடங்கும். அந்த ரோல்ஸ் ரொய்ஸ் பெட்டியில் 2000க்கும் மேற்பட்ட பாகங்கள். கம்பிச் சில்லுகளின் கம்பிகளைக் கூட நாமே ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். ஜப்பானில் ஷிசுஓக்கா நகரத்து டமியா கொம்பனி 1967இல் ஹொண்டா பந்தயக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் கொண்டு வந்து, அந்த வரிசையைத் தொடர்ந்து நடத்தியது.

எட்டில் ஒரு பங்கு என்றால், 4 மீற்றர் நீளமான கார் மேசையில் 50 சென்ரிமீற்றர் ஆகிறது. இவ்வளவு பெரிய மொடலில் கண்ணுக்கு எல்லாம் தெரியும். சின்ன மொடலில் ஒரு புள்ளியாக மறைந்து போகும் போல்ட் இங்கே போல்ட்டாகத் தெரிய வேண்டும். பூட்டு, பிணைச்சல், குழாய்க் கிளிப், ரிவெட் எல்லாம் அப்படித்தான். பெட்டியில் வந்த ஆணிகளோ உண்மைக் காரில் இருப்பவை போல இராமல், வெட்டுள்ள தலையோடு சாதாரண ஸ்க்ரூவாகவே இருக்கும். ஆகவே இந்தக் கலையில் ஊறியவர்கள் அவற்றைக் கழற்றி வீசிவிட்டு, ஆறு பக்கத் தலையுள்ள நுண்ணிய போல்ட்டுகளைப் போடுவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இந்த நுண்ணிய சாமான்களை மட்டுமே செய்து பிழைக்கும் சிறு தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஒரு சிறு பக்கெட்டில் இருபது, முப்பது போட்டு விற்பார்கள். நிறுத்துப் பார்த்தால் ஒரு கிராம் வராது. விலையோ கையைச் சுடும்.

நமது இளைஞரின் கையில் இருந்தது ஒரு வைத்தியரின் அல்பா ரோமியோ. வைத்தியரின் தகப்பனார் வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்து பாதியில் விட்டது. பல பாகங்களும் ஆணிகளும் தொலைந்து போயிருந்தன. அதை டிசம்பர் முடிவதற்குள் முடித்துத் தருவதாக முற்பணம் வாங்கிவிட்டார். வாங்கிய பணம் தாயாரின் மருந்துக்குப் போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து பாகங்கள் எடுக்கும் நிலைமையில் அன்று நாடும் இல்லை, அவரும் இல்லை. அதனால்தான் என் கடையைத் தேடி வந்திருந்தார்.

லாச்சிகளுக்குள் இருந்த கார்

அன்று அவருக்கு ஒரு பிளேன்டி வரவழைத்துக் கொடுத்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன கணக்கு என்னை அசர வைத்தது.

நாம் தினமும் விற்கும் 8 மி.மீ. போல்ட்டின் தலை 13 மி.மீ. சாவி பிடிக்கும். அதை எட்டால் பிரித்தால் 1.6 மி.மீ. சரி, சின்ன நட் ஒன்றை வாங்கிப் போட்டால் என்ன? போட முடியாது. நம்மிடம் உள்ள ஆகச் சிறிய நட் 2 மி.மீ. ஆணிக்கு உரியது. அதன் அகலமே 4 மி.மீ. எட்டால் பெருக்கினால் 32 மி.மீ. ஆகிறது. லொறிச் சில்லுக்குப் போடும் நட்டை எஞ்சினில் போட்டது போல் இருக்கும். 1 மி.மீ. ஆணியின் நட் 2.5 மி.மீ. அகலம். அது 20 மி.மீ. ஆகும். ஆக, கடையில் கிடைக்கும் ஆகச் சின்ன நட்டே கார்ச் சில்லு நட்டுக்குத்தான் சரிவரும். எஞ்சின் போல்ட்டை நாமே செய்துகொள்ள வேண்டும்.

அதற்குத்தான் அந்த 1.5 மி.மீ. அலன் கீ. எட்டால் பெருக்கினால் 12. போல்ட் தலைக்கு மிக நெருங்கிய அளவு. அதன் முனையைத் தட்டையாகத் தீட்டி, மெல்லிய தகட்டின் பின்பக்கத்தில் வைத்துத் தட்டினால் முன்பக்கத்தில் ஆறு பக்கப் புடைப்பு எழும். இன்னொரு வழியும் உண்டு. 2 மி.மீ. அலன் போல்ட்டின் தலையில் உள்ள குழியும் அதே 1.5 மி.மீ. ஆறு பக்கம்தான். அதற்குள் கொஞ்சம் மெழுகு தடவி, எபொக்சி பசையை அழுத்தி, இறுகிய பின் எடுத்தால் ஒரு போல்ட் தலை. அச்சு என்று தனியாக ஒன்றும் தேவையில்லை. என் கடையில் பத்து ரூபாவுக்கும் இருபது ரூபாவுக்கும் கிடந்த போல்ட்டே அச்சாகிவிட்டது.

நட் செய்யும் வழி இன்னும் வேடிக்கை. ஆறு பக்கமுள்ள கண்ணாடி போன்ற பேனாக் குழாய்களில் சில பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கினால் ஆனவை. அதை மெழுகுதிரிச் சுவாலைக்கு மேலே, சுவாலையில் படாமல் சுழற்றிச் சூடாக்கி, இளகியதும் இரு பக்கமும் நிதானமாக இழுத்தால் மெல்லிய கம்பியாக நீளும். மூலைகள் சற்று மழுங்கினாலும் ஆறு பக்கம் போகாது. நடுவில் உள்ள துளையும் போகாது. வேண்டிய தடிப்பு வந்த இடத்தைப் பிளேட்டால் வளையம் வளையமாக வெட்டினால் ஒவ்வொரு வளையமும் ஒரு நட். இழுக்கும்போது வரும் புகை கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும்.

மற்ற சாமான்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிரேக் பைப் உண்மைக் காரில் 4.75 மி.மீ. எட்டில் ஒரு பங்கு 0.6 மி.மீ. பாமசியில் வாங்கும் 23ஆம் நம்பர் ஊசியின் குழாய் 0.64 மி.மீ. பாவிக்காத புது ஊசியாக இருக்க வேண்டும். கூர் முனையை முதலில் அராவி எடுத்துவிட வேண்டும். பிளக் வயர் 7 மி.மீ. என்றால் மொடலில் 0.9 மி.மீ. அளவு. பழைய டெலிபோன் கேபிளுக்குள் இருக்கும் வர்ண வயர்களில் அளந்து பார்த்துத் தெரிவு செய்யலாம்.

தண்ணீர்க் குழாயைப் பிடிக்கும் கிளிப்பின் பட்டி 9 மி.மீ. அகலம், ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பு. குடித்து வீசும் சோடா டின்னின் தகடு சுமார் 0.1 மி.மீ. தடிப்பு. எட்டால் பெருக்கினால் 0.8. அந்தத் தகட்டை 1.1 மி.மீ. அகலத்தில் கீறி எடுத்தால் உண்மைக் கிளிப்பின் அளவே வந்துவிடும்.

கிட்டாரின் சுற்றுக் கம்பி வளையும் உலோகக் குழாயாகிறது. பழுதான கைக்கடிகாரத்தின் சாவித் தலை, ஓரம் வரிவரியாக இருப்பதால், பெற்றோல் டேங்க் மூடியாகிறது. 6 மி.மீ. கண்ணாடி மணி கியர் பிடியின் தலை. குண்டூசியின் தலை ரிவெட். சிறிய பித்தளைக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி, இடம் மாற்றி இரு பக்கமும் ஒட்டி, நடுவில் ஒரு கம்பியைச் செருகினால் பொனட்டின் பிணைச்சல்.

அன்று அவர் அலன் கீ, சின்ன போல்ட், பித்தளைக் கம்பி, ஈயக் கம்பி, குண்டூசி எல்லாம் சேர்த்து வாங்கிய பில் ஆயிரம் ரூபாவைத் தாண்டவில்லை. அலன் கீ செட்டை உடைத்துத்தான் கொடுத்தேன்.

காந்தம் சொன்ன சாட்சி

இனி என் குற்றத்துக்கு வருகிறேன்.

நவம்பர் மாத மழையில் ஒரு மாலை அந்த இளைஞர் மீண்டும் வந்தார். முகம் வாடியிருந்தது. இந்தத் தடவை டின்னுக்குள் பொனட் இருந்தது. சிவப்பு வர்ணத்தின் மேல் பிணைச்சல் ஓரமாகப் பழுப்பு நிறக் கறை. பிணைச்சலின் ஒரு பக்கம் பிய்ந்து போயிருந்தது. "இறுகிட்டு ஹாஜியார். தொறக்கப் போக பிஞ்சிட்டு" என்றார்.

என்ன நடந்தது என்றால், குழாய்க்குள் இலேசாக ஓட வேண்டும் என்பதற்காக அந்தக் கம்பியை அவர் சேண்ட் பேப்பரால் மெல்லத் தேய்த்திருக்கிறார். நல்ல பித்தளையாக இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் அது பித்தளை அல்ல. மேலே பித்தளை முலாம் பூசிய இரும்புக் கம்பி. தேய்த்ததும் முலாம் போய்விட்டது. மழைக்கால ஈரத்தில் உள்ளே துருப்பிடித்துக் குழாயோடு இறுகிவிட்டது.

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொன்னார்: "நீங்க பித்தள எண்டு சொன்னீங்க."

நான் லாச்சியைத் திறந்து பார்த்தேன். 'பித்தளைக் கம்பி' என்று என் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது. எனக்கு அதைத் தந்தவர் பித்தளை என்று சொல்லித் தந்தார். விலை மற்ற இடத்தை விடக் குறைவு. ஏன் குறைவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்று உள்மனதுக்கு அப்போதே தெரிந்திருந்ததோ என்னவோ. ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று கடையில் கிடந்தது. அதைக் கம்பிக்குக் கிட்டக் கொண்டுபோனேன். துள்ளி வந்து ஒட்டியது. பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். முப்பது வருட வியாபாரி அதைச் செய்து பார்க்கவில்லை.

அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்பவர்களைப் பற்றி அல்லாஹ் ஒரு சூராவிலேயே எச்சரித்திருக்கிறான். தராசில் கை வைப்பதுதான் அது என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். ஒரு பொருளுக்கு இல்லாத பெயரைச் சொல்லி விற்பதும் அதோடு சேர்ந்ததுதான். தெரியாமல் விற்றேன் என்பது ஒரு பதில்தான். ஆனால் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதுமாக இருந்ததே.

அந்த இளைஞருக்குப் போன நாட்கள் பத்து. கம்பியின் விலை நாற்பது ரூபா. கம்பியின் காசைத் திருப்பிக் கொடுத்தால் கணக்கு நேராகுமா? பத்து நாளின் கூலியைக் கணக்குப் பார்த்து நீட்டினேன். வாங்க மறுத்தார். "இது ஸதகா இல்ல மகன், கடன். மறுமைக்குக் கொண்டு போக என்னால ஏலாது" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்தேன்.

அன்றிரவு கடையை மூடிவிட்டு, பித்தளை என்று எழுதியிருந்த ஏழு லாச்சிகளையும் காந்தத்தால் பார்த்தோம். இரண்டு லாச்சிகள் ஒட்டின. இன்னொன்று ஒட்டவில்லை, ஆனால் அரத்தால் கீறிப் பார்த்தபோது உள்ளே சாம்பல் நிறம். துத்தநாகக் கலவைக்கு முலாம் பூசியது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காந்தம் இரும்பை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும். மற்றக் கலவைகளைக் கீறித்தான் பார்க்க வேண்டும். மூன்று லாச்சிகளின் பெயரையும் மாற்றி 'பித்தளை முலாம்' என்று எழுதி விலையைக் குறைத்தோம். கொஞ்சம் நட்டம்தான்.

அவருடைய கணக்கில் இருந்த ஓட்டை

அவர் என் தவறைக் காட்டித் தந்தார். அவருடைய தவறு ஒன்றை நான் காட்டித் தந்தேன். அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் கைத்தொழில் செய்யும் நமது சகோதரர்கள் பலர் இதே குழியில்தான் விழுந்து கிடக்கிறார்கள்.

வைத்தியரின் வேலையைப் பார்த்த இன்னும் இரண்டு பேர், தங்களுக்கும் போல்ட் தலைகள் செய்து தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஒன்று 5 ரூபா என்று சொல்லியிருக்கிறார். எப்படி அந்த விலை என்று கேட்டேன். "பிளாஸ்டிக் ஒரு ரூபாவும் இல்ல ஹாஜியார், அஞ்சு ரூபா நல்ல லாபம்தானே" என்றார்.

கணக்குக் கொப்பியை எடுத்து எழுதினேன். 100 தலை வெட்ட ஒரு மணி நேரம். தேய்த்து, துளையிட ஒன்றரை மணி நேரம். தண்டு ஒட்ட அரை மணி நேரம். மொத்தம் 3 மணி நேரம். வைண்டிங் கடையில் அவருக்கு 8 மணி நேரத்துக்கு 3200 ரூபா. அதாவது மணிக்கு 400. கூலி 1200 ரூபா. பிளாஸ்டிக் 60, பிளேட்டும் பசையும் 140. மொத்தம் 1400 ரூபா. 100இல் உடைந்தது, கோணலானது, தரையில் விழுந்து காணாமல் போனது 30. மிச்சம் 70. ஒன்றின் அடக்கம் 20 ரூபா. 5 ரூபாவுக்குக் கொடுத்தால் 350 ரூபா வரும். 1400 ரூபாச் சாமானை 350க்குக் கொடுத்துவிட்டு லாபம் என்று நினைத்திருக்கிறார்.

சின்னப் பொருளில் மூலப்பொருளின் விலை பூச்சியத்துக்குக் கிட்ட. நாம் விற்பது நேரம், கண் பார்வை, பொறுமை, சரியான அளவு. அதற்கு விலை போடாதவன் தன் ஆயுளை இனாமாகக் கொடுக்கிறான். கழிவாகப் போன 30இன் கூலியையும் நல்ல 70தான் சுமக்க வேண்டும்.

"அப்ப அச்சு ஊத்தினா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரு மூலப் பிரதியைச் சரியாகச் செய்து, சிலிக்கன் ரப்பரில் அச்செடுத்து, ரெசின் ஊற்றலாம். ஓர் அச்சில் 50 தலை, 20 தடவை ஊற்றினால் 1000. கழிவு 200 போனால் 800. மூலப் பிரதி செய்ய இரண்டு நாள் கூலி 6400. சிலிக்கனும் ரெசினும் 3600. ஊற்றி வெட்டித் துப்புரவாக்கப் பத்து மணி நேரம், 4000. மொத்தம் 14,000 ரூபா. 800ஆல் பிரித்தால் ஒன்று 17 ரூபா 50 சதம். கையால் வெட்டுவதை விட இரண்டரை ரூபாதான் மலிவு. அதுவும் 800உம் விற்றால் மட்டும். 100தான் விற்றது என்றால் ஒன்று 140 ரூபா ஆகிறது. ஆகவே ஒரு காருக்கு என்றால் கையால் வெட்டு, வாடிக்கையாளர் உறுதியானால் அச்சு ஊற்று என்று முடிவெடுத்தோம். ரெசின் ஊற்றும்போது கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். மூச்சில் போகக் கூடாத சாமான் அது.

இன்னொன்றையும் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வெளிநாட்டில் ஒருவர் கஷ்டப்பட்டுச் செய்த பாகத்தை ஒரேயொரு பக்கெட் வாங்கி, அதையே மூலப் பிரதியாக வைத்து அச்செடுத்து விற்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். செலவு மிச்சம்தான். ஆனால் அந்த மனிதனின் இரண்டு நாள், இரண்டு மாதம் நம் பையில் வந்து விழுகிறது. தன் பத்து நாள் வீணானதற்கு அழுத ஒருவர் இன்னொருவரின் நாட்களை எடுக்கலாமா? மூலப் பிரதி நம் கையால் செய்ததாக இருக்கட்டும்.

மெஷின் வந்துவிட்டதே

இப்போது முப்பரிமாண அச்சு மெஷின் வந்துவிட்டதே, இந்தக் கை வேலைக்கு இனி என்ன மதிப்பு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018 அளவில் இருந்து ரெசினில் அச்சிடும் சிறிய மெஷின்கள் சாதாரண மனிதன் வாங்கும் விலைக்கு வந்தன. ஆரம்ப மெஷின்களிலேயே ஒரு புள்ளி 0.05 மி.மீ. அளவுதான். 1.6 மி.மீ. போல்ட் தலையில் முப்பதுக்கும் மேற்பட்ட புள்ளிகள் அடங்கும். ஆறு மூலையும் கூராக வரும். வெறும் போல்ட் தலை விற்பவருக்கு இது போட்டிதான். மறுப்பதில் பயனில்லை.

ஆனால் மெஷின் தருவது பிளாஸ்டிக். பித்தளை பித்தளையாக மின்னாது, வர்ணம் பூச வேண்டும். 0.1 மி.மீ. பட்டியை வளைத்துக் கிளிப்பாக இறுக்க முடியாது. பிணைச்சலில் ஓடும் கம்பி கம்பியாகத்தான் இருக்க வேண்டும். மெஷின் உள்ளவரும் நல்ல கம்பிக்கும் குழாய்க்கும் கடைக்குத்தான் வர வேண்டும். அந்த இளைஞரும் இப்போது ஒரு நண்பரின் மெஷினில் தலைகளை அச்சிட்டு, தண்டையும் பிணைச்சலையும் கையால் செய்கிறார். எதை மெஷினிடம் கொடுப்பது, எதைக் கையில் வைத்திருப்பது என்று தெரிந்தவருக்கு மெஷின் எதிரியல்ல.

கடைசியில்

அவர் வைத்தியரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். டிசம்பரில் முடியாது, பொனட்டைத் திரும்பச் செய்ய வேண்டும், காரணம் இதுதான் என்று. வைத்தியர் இரண்டு மாதம் தவணை கொடுத்தார். 2023 பெப்ரவரியில் வேலை முடிந்தது. ஒப்படைக்கும் முன் கடைக்குக் கொண்டு வந்து காட்டினார். அரை மீற்றர் நீளச் சிவப்புக் கார் என் பில் புத்தகத்துக்குப் பக்கத்தில் நின்றது. பொனட்டை நானே ஒரு விரலால் தூக்கினேன். சத்தமில்லாமல் திறந்தது. எனக்கு அந்த எஞ்சினை விட அந்தப் பிணைச்சல்தான் அழகாகத் தெரிந்தது.

இன்று என் கவுன்டரில் ஒரு காந்தம் நூலில் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு கலிப்பர். யார் கேட்டாலும் அளந்து, ஒட்டிக் காட்டித்தான் கொடுக்கிறோம். சின்னச் சாமான்களுக்கென்று இரண்டு தட்டு லாச்சி ஒதுக்கியிருக்கிறேன். அலன் கீயைத் தனித்தனியாகவும் விற்கிறோம். மொடல் செய்பவர்கள் மட்டுமல்ல, கட்டட மொடல் செய்யும் மாணவர்கள், கடிகாரம் திருத்துபவர்கள், தையல் மெஷின் பார்ப்பவர்கள் என்று பலர் வருகிறார்கள். இதில் நான் கோடீஸ்வரன் ஆகவில்லை. ஆனால் சீமெந்து விற்காத மாதங்களில் கடையின் மின்சார பில்லை அந்த இரண்டு தட்டுகள் கட்டியிருக்கின்றன.

வியாபார சகோதரர்களே, இந்த வாரம் ஒரேயொரு வேலை செய்து பாருங்கள். உங்கள் கடையில் நீங்கள் பெயர் சொல்லி விற்கும் பொருட்களில் பத்தை எடுத்து, அந்தப் பெயர் உண்மையா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். இரும்புக் கடைக்காரருக்குக் காந்தம். துணிக் கடைக்காரருக்கு அளவு நாடா. பலசரக்குக் கடைக்காரருக்குத் தராசு. கையால் தொழில் செய்பவர்கள் தங்கள் நேரத்தையும் கழிவையும் எழுதி ஒரு தடவை அடக்கம் பாருங்கள். இரண்டுக்கும் ஒரு மணி நேரம் போதும்.

சின்னப் பொருளில் பொய் சொன்னால் பெரிதாகத் தெரியாது என்று நினைக்கிறோம். எட்டில் ஒரு பங்கு காரில் ஒரு மயிரளவு பிழையும் தெரிந்துவிடுகிறது. அணுவளவையும் கணக்கெடுப்பவனின் முன்னால் நமது கணக்குப் புத்தகம் திறக்கப்படும் நாளை நினைத்துக் கொள்வோம். அல்லாஹ் நம் அனைவரின் வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக.